எந்தச் சாக்கு என்று சொல்லுங்கள்

எம்.பி.ஏ. விண்ணப்பப் படிவத்தில் பரிந்துரைப்பவரின் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் அப்பாவின் பெயரைத் தட்டினேன். என்னுடைய நேரடி மேலதிகாரி அவர்தான். ஆறு வருடமாக எனக்குச் சம்பளம் தருகிறவரும், காலை ஏழு மணிக்கு மில் கதவைத் திறந்தவுடன் "இன்றைக்கு மல்லி வருகிறதா, பிள்ளை?" என்று கேட்கிறவரும் அவர்தான். அடுத்த கட்டம் அவருக்கும் எனக்கும் என்ன தொடர்பு என்று கேட்டது. அங்கே கை நின்றுவிட்டது. பெயரை அழித்துவிட்டுக் கணினியை மூடினேன்.

எங்களுடையது யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் ஒரு தூள் மில். அப்பப்பா அரிசிமாவும் ஒடியல் மாவும் அரைத்துக் கொடுக்கத் தொடங்கினார். அப்பா அதில் செத்தல் மிளகாயும் மல்லியும் சீரகமும் வறுத்து அரைக்கும் கறித்தூளைச் சேர்த்தார். கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் இரண்டு வருடம் வேலை செய்துவிட்டு 2019ஆம் ஆண்டு நான் வீட்டுக்குத் திரும்பிய பிறகு, தூளைப் பைகளில் அடைத்து லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் அனுப்பத் தொடங்கினோம். பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். செத்தல் வறுபடும் நேரத்தில் ஒழுங்கைக்குள் வருகிறவர்கள் தும்மிக்கொண்டே வருவார்கள்.

வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிப்பதற்காக இந்த வருடம் விண்ணப்பித்திருக்கிறேன். அதில் சேர்வதற்கான ஜிமேட் பரீட்சைக்கு ஆறு மாதம் படித்தேன். கட்டுரைகளை எழுதி எழுதித் திருத்தினேன். அவை எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழித்தது, என்னைப் பற்றி எழுத இரண்டு பேரைத் தேடிய வேலைதான். குடும்பக் கடையிலும் குடும்ப மில்லிலும் வளர்ந்த பிள்ளைகள் பலர் இதே இடத்தில் தடுமாறுகிறார்கள். எனக்குத் தெரிந்த ஒருத்தி, அவளுடைய வீட்டாருக்கு நகைக்கடை, இந்த ஒரு காரணத்துக்காகவே போன வருடம் விண்ணப்பத்தைப் பாதியில் விட்டுவிட்டாள். அவளை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பரிந்துரைக் கடிதம் எப்படிப்பட்டது என்று சொல்லிவிடுகிறேன். ஹார்வர்ட், ஸ்டான்போர்ட் போன்ற வணிகப் பள்ளிகள் இரண்டு பரிந்துரைகள் கேட்கின்றன. அவற்றில் ஒன்று தற்போதைய நேரடி மேலதிகாரியிடமிருந்து வரவேண்டும் என்பது ஸ்டான்போர்டின் விருப்பம். அதற்கு வழியில்லாதவர்கள் அடுத்துப் பொருத்தமான ஒருவரைத் தேடிக்கொள்ளலாம். கடிதம் நம் கைக்கு வராது. நாம் அவருடைய மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்போம். பள்ளியிலிருந்து அவருக்கு ஒரு இணைப்புப் போகும். அவர் அங்கேயே எழுதி அங்கேயே அனுப்பிவிடுவார். ஜிமேட் பரீட்சையை நடத்தும் அமைப்பு தயாரித்த பொதுப் படிவம் ஒன்றைப் பல பள்ளிகள் பயன்படுத்துகின்றன. அதில் இரண்டு கேள்விகள்தான் முக்கியம். இதே போன்ற பொறுப்பில் இருக்கும் திறமையான மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் எப்படி என்பது முதலாவது. இவருக்கு நீங்கள் சொன்ன மிக முக்கியமான திருத்தம் என்ன, எந்தச் சூழ்நிலையில் சொன்னீர்கள், அதைக் கேட்டு இவர் என்ன செய்தார் என்பது இரண்டாவது.

இந்த இரண்டு கேள்விகளையும் ஒரு தாளில் தமிழில் எழுதி மேசைக் கண்ணாடிக்குக் கீழே வைத்துக்கொண்டேன். பல நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். முதல் கேள்விக்கு அப்பாவால் பதில் சொல்ல முடியாது. என்னை அவர் யாரோடு ஒப்பிடுவார்? எங்கள் மில்லில் என் வேலையைச் செய்கிறவள் நான் ஒருத்திதான். இரண்டாவது கேள்விக்கு அவரிடம் நூறு பதில் இருக்கும். ஆனால் படிவத்தில் ஒன்றையும் எழுத மாட்டார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. தகப்பனுடைய கடிதத்தைப் படிக்கிறவர்கள் முதல் வரியிலேயே இதை நினைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு எழுதியிருப்பது எவ்வளவு உண்மையாக இருந்தாலும் எடுபடாது. குடும்பத்தவர்கள் எழுத வேண்டாம் என்று பள்ளிகள் சொல்வது இதனால்தான்.

அப்பாவிடம் இதைச் சொன்ன இரவு எனக்கு மறக்காது. சாப்பிட்டு முடித்துக் கையில் தண்ணீர்ச் செம்போடு முற்றத்தில் நின்றார். "உன்னைப் பற்றி நான் சொன்னால் ஏற்க மாட்டார்களா?" என்று கேட்டார். கோபம் இல்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

விளங்காததில் நியாயம் இருக்கிறது. 1995 அக்டோபர் 30ஆம் திகதி போர் காரணமாக எங்கள் வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அப்பா மில்லிலிருந்து எடுத்துக்கொண்டு போனது ஒரு தராசுப் படிக்கல் பெட்டியும் கடன் கொப்பியும்தான். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கூரை இல்லை, மோட்டார் இல்லை. கொப்பியில் பெயர் இருந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தாங்களாகவே தேடி வந்து காசைக் கொடுத்தார்கள். அவர்கள் கொடுத்த காசில்தான் மில் திரும்ப ஓடியது. அப்படி வாழ்ந்த மனிதருக்கு, ஒருவருடைய சொல்லுக்கு மேல் இன்னொருவருடைய சாட்சி எதற்கு என்று தோன்றுவது இயல்பு. ஒரு சிக்கல் வந்தால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து உரியவருக்கு அடித்து இரண்டு நிமிடம் பேசி முடித்துவிடுவார். "நான் யாரிடமாவது ஒரு சொல் சொல்லட்டுமா?" என்று அன்றிரவும் கேட்டார்.

அவருக்கு விளங்கிய ஒரே சொல் நற்சான்று. எங்கள் ஊரில் நற்சான்றுக் கடிதம் எடுக்காமல் வளர்ந்த பிள்ளை இல்லை. பாடசாலை அதிபரிடம் ஒன்று, கிராம சேவகரிடம் ஒன்று, சமாதான நீதவானிடம் ஒன்று. "இவரை எனக்குப் பத்து வருடமாகத் தெரியும், நல்லொழுக்கம் உள்ளவர், நல்ல குடும்பத்தில் பிறந்தவர்" என்று எல்லாவற்றிலும் ஒரே வாசகம்தான். எழுதுகிறவர் எவ்வளவு பெரியவரோ அவ்வளவுக்கு அந்தக் கடிதத்துக்கு மதிப்பு. ஆகவே நாங்கள் செய்யும் முதற்பிழை, ஊரில் பெரியவர் யார் என்று தேடிப் போவது. நானும் போனேன். பல சபைகளில் தலைமை வகிக்கும் ஒருவர், அப்பாவுக்கு நெடுநாள் பழக்கம். தேத்தண்ணீர் தந்தார், மகிழ்ந்தார், பிறகு "நீயே ஆங்கிலத்தில் வடிவாக எழுதிக்கொண்டு வா பிள்ளை, நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்றார்.

அதில் அவருக்கு ஒரு தவறும் தெரியவில்லை. இங்கே கடிதங்கள் பெரும்பாலும் அப்படித்தான் எழுதப்படுகின்றன. ஆனால் விண்ணப்பதாரி தன்னைப் பற்றிய பரிந்துரையைத் தானே எழுதுவதை இந்தப் பள்ளிகள் ஏற்பதில்லை. விதியை விட்டாலும், படலையைத் தாண்டி வெளியே வரும்போது எனக்கு மனம் கூசியது. என்னைப் பற்றி நான் எழுதி, என்னை வேலைத்தளத்தில் ஒரு நாளும் பார்த்திராத ஒருவர் கையெழுத்து வைத்தால், அந்தத் தாளில் யார் பேசுகிறார்கள்? மறுநாள் போய் நன்றி சொல்லி, வேறு ஒழுங்கு செய்துவிட்டேன் என்றேன். அவர் கொஞ்சம் மனம் நொந்திருக்கலாம். அப்பாவுக்கும் அது பிடிக்கவில்லை.

அடுத்து நினைத்தது எங்கள் கணக்கப்பிள்ளையை. முப்பத்தொரு வருடமாக மில்லில் இருக்கிறார். குடும்பத்தவர் அல்ல. கொழும்பில் பெரிய நிறுவனங்களின் கணக்கைப் புரட்டிய எனக்கு, ஒரு மூட்டை செத்தல் அரைபட்டு வரும்போது நிறையில் எவ்வளவு குறையும் என்பதைச் சொல்லித் தந்தவர் அவர்தான். என்னை நேருக்கு நேர் திட்டியும் இருக்கிறார். வந்த முதல் மாதத்தில் நான் பழைய பேரேடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற முற்பட்டபோது, "தங்கச்சி, இந்தக் கொப்பியை முதலில் வாசிக்கப் பழகுங்கள், பிறகு மாற்றுங்கள்" என்று கதவருகே நின்று சொன்னார். அவர் சொன்னதுதான் சரி. இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எங்கே கிடைக்கும் என்று நினைத்தேன்.

அவரிடம் கேட்டேன். கண் கலங்கிவிட்டார். "உங்களைப் பற்றி ஒரு குறையும் எழுத மாட்டேன்" என்று எனக்கு வாக்குக் கொடுத்தார். அந்த வாக்கிலேயே எனக்கு விடை கிடைத்துவிட்டது. வாயால் திட்டக் கூடியவர், தாளில் திட்ட மாட்டார். முதலாளியின் மகளைப் பற்றி முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவர் எழுதும் கடிதம் வேலிக்கு ஓணான் சாட்சி சொன்ன கதையாகத்தான் வாசிக்கப்படும். அவர் மனதில் இருக்கும் நேர்மைக்கு அந்தப் படிவத்தில் இடம் கிடைக்காது. அவரைக் கடிதத்திலிருந்து விலக்கி, என் கட்டுரைக்குள் கொண்டுவந்தேன். அந்தப் பேரேட்டுக் கதையை நானே எழுதினேன். குடும்பத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது ஒரு வழி. உள்ளே இருக்கும் நல்ல சாட்சிகளை நம் கட்டுரையில் பேசவைத்துவிட்டு, கடிதத்துக்கு வெளியே போகலாம்.

கொழும்பில் இருந்த பழைய மேலதிகாரியையும் யோசித்தேன். பலருக்கு அதுவே சரியான தெரிவு. வீட்டுத் தொழிலுக்கு வந்து ஒன்றிரண்டு வருடம்தான் ஆகிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு அவரிடம் போகலாம். என் விடயத்தில் ஆறு வருடம் ஓடிவிட்டது. அவர் அறிந்த பெண் சொன்ன வேலையைச் செய்துவிட்டு ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்த இருபத்துமூன்று வயதுக்காரி. இன்றைக்கு நான் எடுக்கும் முடிவுகள் எதையும் அவர் பார்த்ததில்லை.

அப்போதுதான் தேடலை மாற்றினேன். என்னை விரும்புகிறவர் யார் என்று கேட்பதை விட்டேன். அப்பாவின் முகத்துக்காக அல்லாமல் என் வேலையைப் பார்த்து, "இல்லை" என்று சொன்னவர் யார் என்று கேட்டுக்கொண்டேன். சுன்னாகத்தில் அப்படி ஒருவரைக் கண்டுபிடிப்பது கடினம். சந்தையில் எனக்குக் கிடைக்கும் மரியாதையில் பெரும்பகுதி அப்பாவுக்குரியது. "இன்னாருடைய மகள்" என்றவுடன் கதிரை வரும், விலை குறையும், பிழை மன்னிக்கப்படும். அது பெரிய கொடை. அந்தக் கொடைக்கு நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் என் உண்மையான நிறை என்ன என்பதை அது எனக்கே மறைத்துவிடுகிறது. "இல்லை" என்று சொன்னவர்களை விரல்விட்டு எண்ணினேன். இரண்டு பேர் வந்தார்கள்.

முதலாமவர் லண்டனில் எங்கள் தூளை மொத்தமாக இறக்கிச் சில்லறைக் கடைகளுக்குக் கொடுப்பவர். 2020 கார்த்திகையில் இங்கே மழை விடாமல் பெய்தது. தைப்பொங்கலுக்கு முன் ஏற்ற வேண்டும் என்ற அவசரத்தில் மழைக்கு நடுவே செத்தல் வாங்கினேன். சாக்குகளை நிலத்திலேயே அடுக்கினோம். அப்பா வழமைபோல ஒன்றிரண்டைக் காதருகே வைத்து உடைத்துப் பார்த்தார். நன்றாகக் காய்ந்த செத்தல் உடையும்போது 'சடக்' என்று ஒரு சத்தம் வரும். ஈரம் இருந்தால் சத்தம் வராமல் வளையும். மேலே இருந்த சாக்குகள் 'சடக்' என்றன. அடியில் இருந்தவற்றை யாரும் உடைத்துப் பார்க்கவில்லை.

தூள் லண்டனுக்குப் போனது. அவர் கடைகளுக்குக் கொடுப்பதற்கு முன் ஆய்வுகூடத்துக்கு ஒரு மாதிரி அனுப்பினார். அஃப்ளடொக்சின் அளவு கூடுதலாக இருந்தது. ஈரத்தில் வைத்த மிளகாயில் பிடிக்கும் பூஞ்சை விடுகிற நஞ்சு அது. ஐரோப்பாவிலும் பிரித்தானியாவிலும் ஒரு கிலோ மிளகாய்த்தூளில் அஃப்ளடொக்சின் பி1 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. வறுத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். வறுத்தால் பூஞ்சை சாகும். அது விட்டுப்போன நஞ்சு அந்தச் சூட்டில் முழுதாகப் போகாது. இதை நான் அன்றைக்குத்தான் அறிந்தேன். 1,800 கிலோவையும் அவர் ஏற்க மறுத்தார். அழிக்கும் செலவும் எங்கள் தலையில்.

நான் உடனே ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். கப்பலில் ஈரம் பட்டிருக்கலாம், கொழும்புத் துறைமுகத்தில் தாமதம், கொரோனாக் காலம், இப்படி ஒன்றரைப் பக்கம். அப்பா போனைக் கையில் எடுத்துவிட்டார். தான் பேசினால் பாதிப் பணமாவது வரும் என்றார். அன்றைக்கு முதன்முறையாக அவர் கையைப் பிடித்து, வேண்டாம் என்றேன். ஏன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. என் பெயரில் போன சரக்கு, நானே முடிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

இரவு லண்டனிலிருந்து அவரே அழைத்தார். "தங்கச்சி, அப்பாவில் எனக்கு நிறைய மரியாதை. அதை இதற்குள் கொண்டுவர வேண்டாம். சாக்குச் சொல்லாதீர்கள். எந்தச் சாக்கு என்று சொல்லுங்கள்."

அவ்வளவுதான். போனை வைத்துவிட்டார்.

எந்தச் சாக்கு என்று எனக்குத் தெரியாது. அதுதான் என் பிரச்சினை என்பது அந்த ஒரு வரியில் விளங்கியது. எந்த விவசாயியின் செத்தல் எந்த நாளில் வறுபட்டு எந்தப் பைக்குள் போனது என்பதற்கு எங்களிடம் ஒரு பதிவும் இல்லை. மூன்று கிழமை கணக்கப்பிள்ளையோடு உட்கார்ந்து பற்றுச்சீட்டுகளையும் லொறி வந்த நாட்களையும் பொருத்தி, அந்தச் சரக்கு எந்த மூன்று கொள்வனவுகளிலிருந்து வந்தது என்று கண்டுபிடித்தேன். அதை மட்டும் நான்கு வரியில் எழுதி அனுப்பினேன். பிறகு சாக்குகளுக்குக் கீழே மரத்தட்டுகள் வந்தன. ஒவ்வொரு சாக்குக்கும் இலக்கம் வந்தது. ஈரப்பதமானி ஒன்று வாங்கினேன். 11 சதவீதத்துக்கு மேல் காட்டும் செத்தலை இறக்குவதில்லை என்று ஒழுங்கு வைத்தேன். கப்பலில் ஏற்றுவதற்கு முன் கொழும்பில் பரிசோதனை செய்யாமல் ஒரு பையும் போகாது. அந்த இயந்திரத்தை அப்பா நெடுநாள் ஏற்கவில்லை. காது சொல்லாததை இது என்ன சொல்லப்போகிறது என்பார். ஏழு மாதம் கழித்து லண்டனிலிருந்து ஒரு சிறிய கட்டளை வந்தது. 200 கிலோ.

இப்போது அந்தப் படிவத்தின் கேள்விகளைத் திரும்பப் பாருங்கள். அவர் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் பலரிடம் சரக்கு எடுக்கிறவர். என்னை என் போன்ற மற்றவர்களோடு ஒப்பிட அவரால் முடியும். எனக்கு அவர் சொன்ன திருத்தம் என்ன, நான் என்ன செய்தேன் என்பது அவருடைய கோப்பில் திகதியோடு இருக்கிறது. என்னை மறுத்து அவர் இழக்க எதுவும் இருக்கவில்லை, திரும்ப ஏற்கவும் எந்தக் கட்டாயமும் இருக்கவில்லை.

ஆனாலும் கேட்க எனக்குப் பயமாக இருந்தது. ஆனி மாதம் ஒரு ஞாயிறு, லண்டனில் கடை ஓய்ந்திருக்கும் நேரம் பார்த்து அழைத்தேன். விடயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நான் என்ன எழுத வேண்டும், தங்கச்சி?"

"நடந்ததை எழுதுங்கள், அண்ணை."

"அந்த 1,800 கிலோவையுமா?"

"அதையும்தான்."

அவர் சம்மதித்த அன்று மாலையே அம்மா இன்னொரு செய்தி கொண்டுவந்தார். லண்டன்காரருடைய சொந்த ஊர் வடமராட்சி. அவருடைய சின்னம்மா ஒருவர் எங்கள் பக்கத்துக் கிராமத்தில் திருமணம் செய்திருக்கிறார். அந்த வழியில் தேடிப்போனால் எங்களுக்கு ஏதோ ஒரு முறை வருகிறதாம். யாழ்ப்பாணத்தில் ஐந்து நிமிடம் விசாரித்தால் யாரும் யாருக்கும் உறவாகிவிடுவார்கள். அம்மாவுக்கு மகிழ்ச்சி, எனக்கு இரவெல்லாம் நித்திரை இல்லை. கடைசியில் எனக்குச் சரியென்று பட்டதைச் செய்தேன். விண்ணப்பங்களில் மேலதிக விளக்கத்துக்கு ஓர் இடம் தருவார்கள். அங்கே, என் நேரடி மேலதிகாரி என் தந்தை, ஆகவே அவரைக் கேட்கவில்லை. எழுதுகிறவர் எங்கள் கொள்வனவாளர், எங்கள் சரக்கில் அவருக்கு வியாபாரத் தொடர்பு உண்டு. திருமண வழியில் தூரத்து உறவு இருப்பதாகப் பிறகு அறிந்தேன், தொழில் தொடங்கியபோது இருவருக்கும் அது தெரியாது என்று ஐந்து வரியில் எழுதினேன். மறைத்துவிட்டுப் பிறகு கண்டுபிடிக்கப்படுவதைவிட, முதலிலேயே சொல்லிவிடுவது எனக்கு நிம்மதி. குடும்பத் தொழிலிலிருந்து விண்ணப்பிக்கும் எவரும் அந்த இடத்தை வெறுமையாக விடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டாமவர் ஒரு வங்கி முகாமையாளர். களஞ்சியமும் புதிய அரைக்கும் இயந்திரமும் போட 2021இல் கடன் கேட்டபோது, அப்பாவுக்கு முப்பது வருடக் கணக்கு உள்ள வங்கி என்ற நம்பிக்கையில் போனேன். ஊருக்குப் புதியவர், அப்பாவைத் தெரியாது. மாதவாரியான காசோட்ட அறிக்கை இல்லாமல் தர முடியாது என்று திருப்பி அனுப்பினார். செய்துகொண்டு போனேன், இரண்டாம் முறையும் திருப்பினார். மூன்றாம் முறை தந்தார். 2022 பங்குனியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்சாரம் நின்றது. சித்திரையில் மத்திய வங்கி ஒரே நாளில் கொள்கை வட்டியை ஏழு சதவீதப் புள்ளி உயர்த்தியது. அந்த மாதங்களில் மில்லை இரவில் ஓட்டி, தவணையை விடாமல் கட்டியதை அவர் மாதம் மாதம் பார்த்தார். இப்போது வேறு மாகாணத்துக்கு மாற்றலாகிவிட்டார். எங்கள் கணக்கோடு அவருக்கு ஒரு தொடர்பும் இல்லை என்பதால் எனக்கு அவர் இன்னும் பொருத்தமானவராகத் தோன்றினார். மேலிடத்தில் அனுமதி கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார்.

இருவருக்கும் ஒரு பக்கத்தில் ஒரு குறிப்பு அனுப்பினேன். எந்த ஆண்டில் என்ன நடந்தது, எத்தனை கிலோ, எவ்வளவு கடன், கடைசித் திகதி எது என்பவை மட்டும். என்னைப் பற்றிய அடைமொழி ஒன்றுகூட அதில் இல்லாமல் பார்த்துக்கொண்டேன். ஆறு வருடத்தில் நடந்ததை யாரும் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். நினைவூட்டுவது நம் கடமை, வசனம் எழுதிக் கொடுப்பது வேறு. விண்ணப்பங்களின் முதற்சுற்றுக்குக் கடைசித் திகதி செப்டெம்பர் தொடக்கத்தில். அதற்கு முந்திய மாதம் நல்லூர்த் திருவிழா. இருபத்தைந்து நாளும் வெளிநாட்டிலிருந்து சனம் வந்து குவியும், எங்களுக்கும் லண்டன்காரருக்கும் வேலை கூடிய காலம். ஆகவே ஆனியிலேயே கேட்டது நல்லதாகப் போயிற்று. இந்த ஒரு விடயத்தில் நம் ஊர் நாட்காட்டியையும் அவர்களுடைய நாட்காட்டியையும் அருகருகே வைத்துப் பார்க்காவிட்டால் நிச்சயம் அகப்பட்டுக்கொள்வோம்.

படிவத்தில் இன்னொரு கேள்வியும் வரும். அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று மாணவர்களுக்குத் தங்கள் கல்விக் கோப்பைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. பரிந்துரைக் கடிதத்தைப் பார்க்கும் அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று கேட்பார்கள். விட்டுக்கொடுத்தேன். எழுதுகிறவர் என் கண்ணுக்கு அஞ்சாமல் எழுத வேண்டும் என்றால் வேறு வழி இல்லை.

நல்லூர்த் தேருக்கு இரண்டு நாள் முன்பு, லண்டனிலிருந்து கடிதம் சேர்ந்துவிட்டது என்று பள்ளியின் மின்னஞ்சல் வந்தது. அப்போது மில் வாசலில் கிளிநொச்சியிலிருந்து வந்த செத்தல் லொறி நின்றுகொண்டிருந்தது. அப்பாவிடம் சொன்னேன்.

"என்ன எழுதினாராம்?"

"தெரியாது அப்பா. பார்க்க முடியாது."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தார். திரும்பப் பையில் வைத்துவிட்டு லொறிக்குப் பின்னால் போனார். சுவரில் மாட்டியிருந்த ஈரப்பதமானியை அவரே எடுத்து, மேலே ஏறி, அடிச்சாக்கு ஒன்றை இழுத்து அதற்குள் குத்தினார்.

"பத்தரை" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "இறக்கலாமா?" என்று கேட்டார்.